காவியா சொன்ன கோள்

சசிகலா பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

"எம் பொண்ணு காப்பி அடிக்கிறான்னு உங்ககிட்ட கோள் சொன்னது அந்தக் காவியாதானுங்களே? பக்கத்து வூட்டுப் புள்ள. எங்க வூட்டுலயே சாப்புட்டு, கூடவே இருந்து குழி பறிச்சிட்டாளே."

"உக்காருங்கம்மா" என்றார் சோபனா டீச்சர். "சொன்னது அவதான். அதனால சுசித்ராவைத் தனியா உக்கார வச்சேன். போர்டுல இருக்கற கணக்கை ஒரு வரிகூட அவளால எழுத முடியல. கண்ணை இடுக்கிக்கிட்டு முழிக்கறா. போன வருசம் இங்க கண் டெஸ்ட் நடந்தப்ப அவ வரலையே, ஏன்?"

சசிகலா தலையைக் குனிந்துகொண்டாள். காய்ச்சல் என்று பொய் சொல்லி அன்றைக்கு மகளை வீட்டில் நிறுத்தியவளே அவள்தான். கண்ணாடி போட்ட பெண்ணை நாளைக்கு எவன் கட்டுவான் என்ற பயம்.

மறுநாளே மகளைத் தருமபுரி கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

"ரெண்டு கண்ணுலயும் பவர் இருக்கு, ஒண்ணுல ரொம்ப அதிகம். இப்படியே விட்டிருந்தா அந்தப் பார்வை திரும்பாமலே போயிருக்கலாம். இனி வருசா வருசம் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் டாக்டர்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்த சுசித்ரா, கடத்தூர் வரைக்கும் கடைப் பெயர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

நன்றி சொல்வதில் சசிகலா ஒரு குறையும் வைக்கவில்லை. டாக்டருக்குக் கும்பிடு, டீச்சருக்கு ஒரு கூடை கொய்யாப்பழம், மாரியம்மனுக்குத் தேங்காய்.

காவியாவை மட்டும் மன்னிக்க மனசு வரவில்லை. நல்லதில் முடிந்தாலும் கோள் கோள்தானே.

அன்று சாயங்காலம் தெருக்குழாயடியில் அந்தப் பெண் தனியாக மாட்டினாள்.

"ஏன்டி, அவ உன் நோட்டைப் பாத்து எழுதறது உனக்கு அவ்வளவு உறுத்துச்சா?"

"இல்லீங்க அத்தை, நாந்தான் காட்டுவேன்" என்றாள் காவியா, குடத்தைக் கீழே வைத்துவிட்டு. "போர்டு தெரியலைன்னு வெளிய சொன்னா அம்மா கவலைப்படும்னு, அவ தலை மேல என் கையை வச்சு சத்தியம் வாங்கிட்டா. மீறினா அவளுக்கு ஏதாச்சும் ஆயிடுமில்லீங்களா? அதான், பாத்து எழுதறான்னு மட்டும் சொன்னேன்."