புகையில்லாத பள்ளத்தாக்கு

"இந்தப் பள்ளத்தாக்குல ஒரு டீசல் மோட்டார்கூட ஓடலையே! அசத்திட்டீங்க, முக்பில் அண்ணே!"

தலைநகர் சனாவிலிருந்து வந்த இன்ஜினியர் ஷவ்கி, போன வருடம் தான் கிணற்று மோட்டார்களுக்கு மாட்டிவிட்டுப் போன சூரியத் தகடுகளைத் தட்டிக்கொடுத்தார்.

முக்பிலின் கண் திராட்சைக் கொடிகள் மேலேயே இருந்தது. "கொடி பொழைக்கணும் ஐயா. அது ஒண்ணுதான் கவலை."

"குளிர் போனா தானா துளிர்க்கும். தொட்டியில தண்ணி கொட்டுற மாதிரி ஒரு படம் வேணும். பணம் குடுத்த வெளிநாட்டுக்காரங்க கேக்குறாங்க."

"இருங்க, தண்ணி இப்ப வந்துரும்."

"மோட்டாரே போடலையே?"

முக்பில் சாலையைக் காட்டினார். கரும்புகையைக் கக்கிக்கொண்டு தண்ணீர் லாரி ஒன்று மேடேறி வந்தது.

"முன்னாடி டீசல் விலைக்குப் பயந்து அளந்து இறைச்சோம். வெயிலு சும்மா கெடைக்கவும், பக்கத்துத் தோட்டக்காரன் நிறுத்தட்டும், அப்புறம் நான் நிறுத்துறேன்னு ஊரே போட்டி போட்டு இறைச்சுது. எல்லாக் கிணறும் வத்திப்போச்சு ஐயா. லாரித் தண்ணி குடிக்கத்தான் காணும், கொடிக்குக் காணாது. இதையும் மேல எழுதுங்க."

ஷவ்கி கேமராவைத் தாழ்த்தினார்.

"லாரிக்காரனைத் தொட்டியில ஊத்தச் சொல்லுங்க அண்ணே," என்றார். "புகை கலைஞ்சதும் படம் எடுத்துக்கறேன்."