மூன்று விரல் இடைவெளி

சாக்கின் வாயைச் சாரதாம்பாள் தைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்த மகன் தும்மினான்.

மூன்று பெண்களுக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

காஜா பேராங் ஊரின் மரவள்ளித் தோட்டத்துக் கொட்டகையில் சாரதாம்பாளும் பீவியும் பூங்காவனமும் தினமும் காலையில் கூடிச் சாக்குத் தைப்பார்கள். துணியே கிடைக்காத ஜப்பான்காரன் காலம். சாக்கில் கிழங்கும் கட்டினார்கள், அதே சாக்கில் பாவாடையும் தைத்து உடுத்தினார்கள். அந்த அரிப்பைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குள் லாரி வருகிறதாம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி. அதில் ஏறிப் போனவன் ஒருத்தன்கூடத் திரும்பவில்லை.

சாரதாம்பாளுக்கு இருப்பது ஒரே பிள்ளை, சேதுபதி. பத்தொன்பது வயது. சாக்குக்குள் ஒளிந்துகொள்கிறேன் என்று காலையில் அவனேதான் வந்து சொன்னான். பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகிவிட்ட பயல், ஒரே சாக்கில் அடங்கிவிட்டான். சுற்றிலும் கிழங்கை அடுக்கி வாயைத் தைத்தார்கள்.

மூச்சு முட்டிச் செத்துவிடப் போகிறானே என்று, மூன்று விரல் அகலம் மட்டும் சாரதாம்பாள் தைக்காமல் விட்டாள். பெற்ற மனசு, வேறென்ன செய்யும்?

அப்போதுதான் சைக்கிள் வந்து நின்றது.

சுப்பையன். சாரதாம்பாளின் கூடப் பிறந்த அண்ணன். சட்டைக் கையில் ஜப்பான்காரன் கொடுத்த பட்டை. லாரிக்கு ஆள் காட்டுவதுதான் உத்தியோகம். போன வாரம் பக்கத்து ஊரான செமாபோக்கில் மூட்டை மூட்டையாகக் கோணி ஊசியால் குத்திப் பார்த்து, ஒளிந்திருந்தவனை அலறவைத்துப் பிடித்த புண்ணியவான். இதோ உட்கார்ந்திருக்கும் பீவியின் புருஷனைக் காட்டிக் கொடுத்தவனும் இவன்தான்.

அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இருபது மூட்டைகளைத் தாண்டி நேரே அந்தச் சாக்கிடம் போனான். குனிந்து, இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தான்.

“இப்படியா தைப்ப, சாரதா? ஊசிய இங்க குடு.”

கையை நீட்டினான்.

சாரதாம்பாள் ஊசியை இறுகப் பிடித்தாள். எந்த மூட்டை என்று இவனுக்கு எப்படித் தெரிந்தது? காது குத்த மடியில் வைத்திருந்த பிள்ளையையே குத்திப் பார்க்கப் போகிறானா? பாடையில் போகிறவனே!

கொடுத்தாள். அரை அடிக் கோணி ஊசியை, கோத்திருந்த அன்னாசி நாரோடு, அவன் காதுக்குக் கீழே இறக்கிக் கொடுத்தாள்.

கத்துவதற்கு வாயைத் திறந்தான், ரத்தம்தான் வந்தது. பீவி பின்னாலிருந்து ஒரு காலிச் சாக்கை அவன் தலையில் மாட்டி இறுக்கினாள். பூங்காவனம் கிழங்கு வெட்டும் பாராங் கத்தியைத் திருப்பிப் பிடித்து மண்டையில் அடித்தாள். மறுபடி அடித்தாள். விழுந்தவனின் நெஞ்சில் சாரதாம்பாள் ஏறி உட்கார்ந்து, கால்கள் உதைப்பது நிற்கும்வரை ஊசியை விடாமல் திருகினாள். அண்ணன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

காலிச் சாக்குகளை அவன்மேல் அள்ளிக் குவித்தார்கள். ரத்தத்தின்மேல் மண்ணைத் தள்ளினார்கள். பீவி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

தூரத்தில் லாரியின் இரைச்சல் கேட்டது.

சாக்குக்குள்ளிருந்து சேதுபதி மெதுவாகக் கேட்டான்:

“மாமா தச்சிட்டாராம்மா? சாக்குல ஒளியச் சொன்னதே அவருதான். ‘உங்கம்மா மூச்சு முட்டுமேன்னு எங்கயாச்சும் சந்து விட்டுத்தான் தைப்பா, அது அவனுங்க கண்ணுல பட்டுடும், லாரி வர்றதுக்குள்ள நானே வந்து நல்லா நெருக்கித் தச்சிடறேன்’னு நேத்து சொன்னாரு. அவரு சொன்னதுன்னா நீ நம்ப மாட்டேன்னு, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு.”

பூங்காவனத்தின் கையிலிருந்து பாராங் நழுவி விழுந்தது.

சாரதாம்பாளுக்கு அழுவதற்கு நேரமில்லை. குவியலுக்குள் கையை விட்டுத் தடவி, அண்ணன் கழுத்திலிருந்து ஊசியை உருவினாள். பாவாடையில் துடைத்தாள்.

“தச்சிக்கிட்டிருக்காருடா. பேசாம இரு.”

சொல்லிவிட்டு, நெருக்கி நெருக்கித் தைத்தாள்.