டாக்டர் கொடுத்த விருந்து

ஊர் ஊராக மாட்டு வைத்தியம் பார்த்த கைராசிதான் தீர்த்தகிரியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. எம்.எல்.ஏ. ஆன பிறகும் ஜனங்களுக்கு அவர் டாக்டர்தான். நன்றி சொல்லப் போன மலையடிவாரத்து ஊரில் கறி விருந்து. கைகழுவப் பந்தலுக்குப் பின்னால் போனவர், பட்டியில் ஓர் ஆடு செத்துக் கிடப்பதைக் கண்டார். மூக்கில் வழிந்த ரத்தம் உறையாமல் தார்போலக் கறுத்திருந்தது. அடைப்பான். மனிதனையும் விடாத நோய்.

“இதுக்கு முன்னாடி ஏதாச்சும் இப்படி விழுந்துச்சா?” என்று ஆடு அறுக்கும் சென்னனைக் கேட்டார்.

“விழப்போவுதுன்னு தெரிஞ்சதுமே அறுத்துட்டோம் டாக்டர். வீணாப் போவக்கூடாதில்ல?”

சொல்லிக்கொண்டே சென்னன் முழங்கையைச் சொறிந்தான். அங்கே ஒரு கொப்புளம், நடுவில் கரியாகக் கறுத்து.

“வலிக்குதா?”

“வலியில்ல. அரிப்புதான்.”

தீர்த்தகிரி பந்தலுக்குள் ஓடி மைக்கைப் பிடுங்கினார். “யாரும் கறியத் தொடாதீங்க! இலையை விட்டு எழுந்திருங்க!”

மேளம் நின்றது. பிசைந்த கைகள் அப்படியே நின்றன. பின்னாலேயே வந்த சென்னன் அவர் காதருகே தயங்கிச் சொன்னான்:

“முந்தாநாள் அறுத்தது இங்க இல்லீங்க டாக்டர். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் பங்கு போட்டு அனுப்பிட்டோம். உங்க பேரச் சொல்லித்தான் குடுத்தோம்.”