நேரில் வந்தவள்

மல்லி நகருக்குக் குடிநீர் வந்து இருபத்திரண்டு நாளாகிவிட்டது. ஊரே திரண்டு நகராட்சி வாசலில் போராடியது. அதாவது, ஆளாளுக்கு வீட்டுக் கட்டிலில் படுத்தபடி கருவி வழியே ஒளியாலான தங்கள் நிழலுருவை அனுப்பினார்கள். மூவாயிரம் நிழல்கள் சாலையை மறித்துக் கோஷம் போட்டன. பேருந்துகள் அவற்றை ஊடுருவிக்கொண்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நகராட்சிப் பொறியாளர் மாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

செண்பகவல்லியின் நிழல் கருவி அன்று காலை பழுதாகிவிட்டது. குழந்தையின் துணி அலசக்கூடத் தண்ணீர் இல்லாத ஆத்திரத்தில், குடமும் கையுமாக நேரிலேயே போய் நடுச்சாலையில் உட்கார்ந்தாள்.

பேருந்து வந்தது.

"நிழல்தானண்ணே, ஏத்திட்டுப் போங்க" என்றார் நடத்துநர்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிரேக் கிறீச்சிட்டது.

"நிழலுக்கு எங்கயாவது இப்படி வேர்த்து ஊத்துமாடா?" என்றார் ஓட்டுநர்.

கால் மணி நேரத்தில் பின்னால் பதினேழு பேருந்துகள் நின்றன. பொறியாளர் முதன்முறையாகக் கீழே இறங்கி வந்தார்.

"எந்திரிங்கம்மா. நாளைக்குத் தண்ணி விட்டுர்றோம்."

"நல்லது சார். நாளைக்கே எந்திரிக்கிறேன்."

"போலீசு தூக்கிட்டுப் போயிரும். நீங்க ஒரே ஆளு."

செண்பகவல்லி துணைக்குத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மரகதத்தின் நிழல் பட்டென்று அணைந்தது. அடுத்தடுத்து எல்லா நிழல்களும் அணைந்துபோக, அவள் மட்டும் மிஞ்சினாள். பொறியாளர் சிரித்தார். அவள் குடத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பத்து நிமிடம் கழித்து, தெருமுனையில் குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. கூட்டத்துக்கு முன்னால் மூச்சு வாங்க வந்த மரகதம், "தள்ளி உக்காருடி" என்றாள்.