காப்பீடு இல்லாத கைகள்

குவெண்டா நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

நாலடி தள்ளி, சமையலறைத் தரையில் விரித்த மெத்தையில் முட்டி போட்டு, இன்னொரு நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள் நெரிஸ். மூன்றாவது பிரசவம். முதல் இரண்டு பிள்ளைகளையும் இதே வீட்டில் ஏந்தியவள் மருத்துவச்சி குவெண்டாதான். இதையும் நீங்கதான் ஏந்தணும் என்று நான்காம் மாதமே நெரிஸ் சொல்லிவைத்துவிட்டாள். குவெண்டாவும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பிறகு லண்டனிலிருந்து, மருத்துவச்சிகளின் பதிவேட்டை வைத்திருக்கும் கழகத்தின் கடிதம் வந்தது.

தனியாகத் தொழில் பார்க்கும் மருத்துவச்சிகள் எடுத்திருக்கும் காப்பீடு போதாதாம். ஏதாவது ஏடாகூடமாகி யாராவது வழக்குப் போட்டால், நஷ்டஈடு கொடுக்க அது காணாதாம். ஆகவே வலி எடுத்ததிலிருந்து நஞ்சுக்கொடி விழும் வரை தாயையும் தொடக்கூடாது, பிள்ளையையும் தொடக்கூடாது. யோசனையும் சொல்லக்கூடாது. மீறினால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கை வைக்கலாம்.

இருபத்தாறு வருடத்தில் அவள் மேல் ஒரு வழக்குக் கிடையாது. அதைப் பற்றிக் கடிதத்தில் பேச்சே இல்லை.

அதனால் இன்று அவள் விருந்தாளி. தேநீர் குடிக்க வந்தவள். உலர்ந்த பழம் போட்ட ரொட்டிகூடக் கொண்டுவந்திருந்தாள். வந்த இடத்தில் நெரிஸுக்கு வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி மருத்துவச்சிக்குப் போன் போட்டாயிற்று. அவள் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும் என்றாள்.

பிள்ளை அவ்வளவு நேரம் பொறுக்கிற மாதிரி தெரியவில்லை.

"இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டான் நெரிஸின் கணவன் எல்வெட். திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றான்.

குவெண்டா அவனைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தாள்.

"ஏ ஜெஸ், உன் இடத்துல நானா இருந்தா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வருவேன். இப்படி மசமசன்னு நிக்கமாட்டேன்."

நாய் வாலை ஆட்டியது. எல்வெட் போய்க் கழுவிக்கொண்டு வந்தான்.

நாய்க்கு யோசனை சொல்லக்கூடாது என்று கடிதத்தில் இல்லை. அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்திருந்தாள்.

"தலை தெரியுது. பிடிச்சு இழுக்கட்டுமா?"

"ஜெஸ்! இழுத்தியோ, காதைத் திருகிடுவேன். உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கு, போதும். அவளை முக்கவேண்டாம்னு சொல்லு. ஊதி ஊதி மூச்சு விடட்டும்."

"அந்த நாய்க்கு இருக்கிற புத்தி என் புருஷனுக்கு இருந்தா நான் ஏன் இப்படிக் கிடக்கிறேன்" என்றாள் நெரிஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு ஊத ஆரம்பித்தாள்.

குவெண்டாவின் விரல்கள் பரபரத்தன. அழுத்தி உட்கார்ந்தாள். தாய்க்கும் சேய்க்கும் ஒன்றும் ஆகாத மாதிரி, சின்னதாக ஓர் ஆபத்து வந்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். சீ, நானெல்லாம் ஒரு மருத்துவச்சியா என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஆபத்து எதுவும் வரவில்லை.

தலை வந்தது. தானாகத் திரும்பியது. கழுத்தில் கொடி சுற்றவில்லை. அடுத்த வலியில் தோள் வந்தது, பின்னாலேயே மொத்தப் பிள்ளையும் எல்வெட்டின் கைக்கு வந்து சேர்ந்தது. பெண் குழந்தை. வீடு அதிர அழுதது. உடம்பெல்லாம் நல்ல சிவப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இவ்வளவு சுகமான பிரசவத்தைக் குவெண்டா பார்த்து வருடக்கணக்காகிறது. அழுகை வந்துவிட்டது. கையை எடுக்க முடியாததால் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. கடிதத்தின் கணக்குப்படி பிரசவம் முடியவில்லை.

எல்வெட் மண்டியிட்டபடியே அவள் பக்கம் திரும்பினான். கொடி இழுபடாத தூரம் வரை பிள்ளையை அவளை நோக்கி நீட்டினான்.

"ஐயையோ, வழுக்குதே" என்றான். வெளியே தூறல் போடுகிறது என்று சொல்கிற குரல். "கீழே விழுந்துடும் போல இருக்கு, குவெண்டா. உயிருக்கு ஆபத்து."

அவள் நெரிஸைப் பார்த்தாள்.

"ஆமா, ஆபத்துதான்" என்றாள் நெரிஸ், நாற்காலியில் தலையைச் சாய்த்தபடி. "என் கண்ணால பார்த்தேன். யார் வந்து கேட்டாலும் சொல்வேன்."

குவெண்டா நாற்காலியிலிருந்து இறங்கிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

வாங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எல்வெட்டுக்கு எண்ணூறு ஆடுகள். இந்தப் பங்குனிக்குள் மட்டும் முந்நூறு குட்டிகளை அவன் இந்தக் கையால் வெளியே எடுத்திருக்கிறான். கால் மடங்கியது, தலை திரும்பியது, இரட்டையாகச் சிக்கியது எல்லாம் அதில் உண்டு. ஒன்றுகூடக் கைநழுவியதில்லை.

அவன்தான் இவ்வளவு நேரமாக, இப்ப என்ன பண்ணணும், இழுக்கட்டுமா என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.