நரி கூப்பிடும் வீடு

“புதர்ல உக்காந்துக்கினு அடிபட்ட முயல் மாதிரி கத்தற வீட்டுல பொண்ணு எடுத்தா, கீழ்பென்னாத்தூர்ல என்னை எவன் மதிப்பான்?”

கண்ணாயிரம் இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பெண் பார்க்க வந்த இடத்தில், கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவரை கேட்கும்படி சொன்னார். உள்ளே இருந்த பெண்கள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். இரு வீட்டாரையும் சேர்த்து வைத்த தரகர் காசிக்கு வியர்த்தது.

பெண்ணின் தகப்பனார் சடையன் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேங்கிக்காலில் அவர் வீட்டுக்குள் வந்து குரலை உயர்த்தியவர் இதுவரை யாருமில்லை.

“கத்தற வீடு இல்லீங்க. கூப்பிடற வீடு. அஞ்சு தலைமுறையா இந்தச் சுத்துப்பட்டுல நரி நோண்டாம மல்லாட்டைக் கடலையைக் காப்பாத்திக் குடுக்கற வீடு. வண்டி கட்டிக்கினு வந்து கூட்டிப் போவாங்க எங்களை.”

“நரியை விரட்ட நாலு வேட்டு போட்டா தீந்துது. இதுக்கு ஒரு தலைமுறைக் கதையா?”

“உங்க கொல்லைல வேட்டு போட்டீங்களா?”

“போட்டோம்.”

“போச்சா?”

கண்ணாயிரம் கேசரியைக் கிளறினார். மூர்த்திதான் பதில் சொன்னான். “அன்னைக்குப் போச்சுங்க. மறுநாள் ரெண்டா வந்துச்சு.”

கண்ணாயிரம் மகனை முறைத்தார்.

“விரட்டினா திரும்பி வரும்,” என்றார் சடையன். “சத்தம் குடுத்து வரவழைச்சு வலையில விழ வைக்கணும். அதுவும் எல்லா நரிக்கும் ஒரே சத்தம் எடுபடாது. பசியில அலையறதுக்கு முயல் சத்தம். எடுத்த எடுப்புல ஜாஸ்தியா குடுத்து, அப்புறம் கம்மி பண்ணிக்கினே வரணும். சாவப்போற முயலுக்குக் குரல் இறங்கும் இல்ல? நடுவுல நிறுத்திக் காத்திருக்கணும். ஒரு தரம் ஏமாந்து தப்பிச்ச நரி, முயல் சத்தத்துக்கு மறுபடி வராது. அதுக்குக் குட்டி அழற சத்தம். கெழட்டு நரி இருக்கே, அது ரெண்டுக்கும் அசையாது. அதோட எல்லைக்குள்ள வேத்து நரி வந்து ஊளையிடற மாதிரி ஊளையிட்டாத்தான் ரோசம் பொறுக்காம வரும்.”

“உங்களை மாதிரின்னு சொல்லுங்க,” என்றார் கண்ணாயிரம். கூட வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். “எங்க, ஒரு முயல் சத்தம் போடுங்க, கேப்போம்.”

சடையனின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. “வீட்டுக்கு வந்தவங்களுக்கு வித்தை காட்டற குடும்பம் இல்லீங்க இது.”

“நானும் வித்தை பாக்க வரல. பையனுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. அதனால முடிவா ஒண்ணு சொல்றேன். கல்யாணம் ஆன பிறகு, என் மருமவ பொறந்த வீட்டுல நரி கூப்பிடறாங்கன்னு ஒரு பய பேசக் கூடாது. இந்த வேலையை ஏறக்கட்டிடணும். சரின்னா தை மாசமே முகூர்த்தம். இல்லன்னா இப்பவே பஸ் ஏறிடறேன்.”

சடையன் எழுந்துவிட்டார். “எங்க அப்பாரு சாவற வரைக்கும் விடாததை விடச் சொல்ல நீங்க யாருங்க? இது பொழப்பு இல்ல, இந்த வீட்டோட மானம்!”

“கோவப்படாதீங்கய்யா,” என்று காசி குறுக்கே வந்தார். “பொண்ணு வாழ்க்கையை நெனச்சுப் பாருங்க.”

சடையன் கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். “உண்ணாமலை, உனக்கு என்னம்மா தோணுது?”

உண்ணாமலை ஒரு கணம் மூர்த்தியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“எனக்குச் சம்மதம்பா.”

சடையன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“அண்ணாமலையார் சாட்சியா சொல்றேன். என் பொண்ணு கழுத்துல தாலி ஏறின நாள்லேருந்து, இந்த வீட்டுல நரி கூப்பிடற சத்தம் எழும்பாது. போதுமா?”

இவ்வளவு வணங்காத மனிதர் இப்படி இறங்கி வருவாரென்று கண்ணாயிரம் எதிர்பார்க்கவில்லை. அவருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. சட்டென்று வெற்றிலை பாக்குத் தட்டை மாற்றிக்கொண்டு, ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

காசிக்குத்தான் மனம் ஆறவில்லை. வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தவர் பொரிந்து தள்ளினார்.

“அஞ்சு தலைமுறை மானத்தை அஞ்சு நிமிஷத்துல தூக்கிக் குடுத்துட்டீங்களேய்யா! கோவத்தை விடுங்கன்னுதானே சொன்னேன், தொழிலையே விடச் சொன்னேனா? அந்தாளு பேசின பேச்சுக்கு வாசலைக் காட்டியிருக்கணும். நான் வேற எடம் கொண்டாந்திருப்பேன்!”

“யாருய்யா தூக்கிக் குடுத்தது?” சடையனின் கோபம் இன்னும் அடங்கவில்லை. உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “உண்ணாமலை! பட்டுப்புடவையை மாத்திக்கினு கிளம்பும்மா, பொழுது சாயுது. இன்னைக்கு முயல் சத்தம் வேணாம்.”

“தெரியும்பா. நேத்து தப்பிச்ச நரிதானே? குட்டிச் சத்தம் குடுக்கப் போறேன்,” என்றபடி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள் கல்யாணப் பெண்.

“அப்ப நரி கூப்பிடறது உங்க பொண்ணாய்யா?” என்றார் காசி.

“மூச்சு பத்தாம நான் கூப்பிடறதை விட்டு நாலு வருஷம் ஆவுது,” என்றார் சடையன். “தை மாசத்துலேருந்து அந்தச் சத்தம் கண்ணாயிரம் வீட்டுல கேட்டா, அதுக்கு நான் எப்படிய்யா பொறுப்பு?”