பின்விளக்கு

“கண்ணு பொடனியிலயா இருக்கு?”

உரசிக்கொண்டு முந்திய லாரியைப் பார்த்துக் கத்தினார் ஓட்டுநர். இது நாலாவது. ஒவ்வொருவனும் இவர் லாரியின் முதுகுக்கு அருகில் வந்துதான் பிரேக் அடித்தான். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான். இவரும் விடவில்லை. பின்படுக்கையில், மாற்று ஓட்டுநரான மச்சான் புரண்டு படுத்தான்.

விடியும் முன் டீசல் போட வண்டி நின்றது.

“அண்ணே, பின்னாடி ஒரு லைட்டுகூட எரியல. இப்படியேவா ராத்திரி பூரா வந்தீங்க?” என்றான் பங்க் ஆள்.

மச்சான் இறங்கி வந்தான். “அவர்கிட்ட சொல்லுப்பா. நான் ஓட்டும்போதே போயிடுச்சு. ரெண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. நான் எப்படி முதல்ல வாயத் திறக்கிறது?”

ஃப்யூஸ் மாற்றினார்கள். இனி மச்சான் முறை. ஓட்டுநர் சாவியை அவனிடம் வீசிவிட்டு, பின்படுக்கையில் ஏறிப் படுத்தார்.

பிரேக் சரியாகப் பிடிக்காததை அவரும் சொல்லவில்லை.